லாரி வராத ஞாயிறு

முகப்பேரில் எங்கள் குடியிருப்புக்கு எல்லாச் செய்தியும் வாட்ஸ்அப் குரூப்பில்தான் வரும். வாரம் முழுக்க ஐ.டி. வேலையில் போனோடு மல்லுக்கட்டுகிற நான், ஞாயிறு மட்டுமாவது அதை அணைத்து பீரோவில் பூட்டுவது என்று முடிவெடுத்தேன். முதல் ஞாயிறு, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினேன். எழுந்து குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது.

அவசரமாகப் போனை எடுத்துப் பார்த்தேன். 'மோட்டார் ரிப்பேர். தண்ணி லாரி வந்தாச்சு, குடத்தோடு கீழே வாங்க.' லாரி அதற்குள் போய்விட்டிருந்தது. ஓய்வாம் ஓய்வு! என் மேலேயே எரிச்சல் வந்தது.

கதவைத் திறந்தேன். வாசலில் இரண்டு குடம் நிறையத் தண்ணீர். கீழ்வீட்டு மல்லிகா அக்கா மூன்றாவது குடத்தோடு மூச்சு வாங்கப் படியேறி வந்துகொண்டிருந்தார். இத்தனை நாளில் அவரோடு நான் நின்று பேசியதுகூட இல்லை.

"குரூப்புல எல்லாரும் பதில் போட்டாங்கோ, உன்ன மட்டும் காணோம். தூங்கிகினு இருப்பேன்னு நென்ச்சேன்."

"சாரிக்கா. ஞாயித்துக்கிழமை போனை ஆஃப் பண்ணி வைக்கலாம்னு பார்த்தேன். இனிமே பண்ண மாட்டேன்."

"ஏன்? நல்லா ஆஃப் பண்ணு. லாரி வந்தா நா வந்து கதவத் தட்றேன்."

அடுத்த ஞாயிறு கதவு தட்டும் சத்தம் கேட்டது. இரண்டு கையிலும் குடத்தோடு ஓடிப்போய்த் திறந்தேன். அக்கா ஒரு கிண்ணம் அவித்த வேர்க்கடலையோடு நின்றிருந்தார்.

"லாரி வர்லமா. நாந்தான் வந்துகீறேன்."

குடங்களை ஓரமாக வைத்துவிட்டு அவரை உள்ளே அழைத்தேன். பீரோவுக்குள் ஒரு போன் கிடக்கிறது என்பது இருட்டிய பிறகுதான் எனக்கு ஞாபகம் வந்தது.