முப்பது கழியும் முன் ஒரு கண் பரிசோதனை

என் அண்ணன் மகன் ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டான். ஆறு வாரம் ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்துவிட்டு, கோலா சிலாங்கூர் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தான். அனுப்பும்போது டாக்டர் சொன்னதை முழுதாகப் புரிந்துகொண்டவள் நான் ஒருத்திதான். குறைமாதக் குழந்தையின் கண்ணுக்குள் ரத்தக் குழாய்கள் வளர்ந்து முடிந்திருக்காது. கோணலாக வளர்ந்தால் விழித்திரையை இழுத்துப் பிய்த்துவிடும், போன பார்வை திரும்பாது. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. இரண்டு வாரத்தில் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டும். எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் டிப்ளோமா வாங்கியவள் நான். டாக்டரிடம் ஆங்கிலத்தில் கேள்வி கேட்டவளும் நானே. அந்தப் பெருமையை எனக்கு மறைக்கத் தெரியாது.

அம்மா ஒரே வரியில் முடித்துவிட்டார். “முப்பது நாள் தீட்டு இன்னும் கழியல. பச்சப்புள்ளய வெளிய தூக்கக் கூடாது.”

“பொறந்து ஆறு வாரம் தாண்டிருச்சும்மா. முப்பது எப்பவோ போச்சு.”

“அது ஆஸ்பத்திரி கணக்கு லா. நம்ம வாசப்படி மிதிச்ச அன்னைக்குத்தான் நமக்குப் புள்ள பொறந்துச்சு.”

டாக்டரின் கணக்கோ வேறு. அதன்படி அவன் இன்னும் வயிற்றுக்குள் இருக்க வேண்டியவன். மூன்று கணக்குக்கும் நடுவில் அவன் தூங்கிக்கொண்டிருந்தான்.

அண்ணனுக்குத் தடை வேறு. “டாக்டருக்குக் குடுக்குறது ஒரு தே தாரிக் டீ குடிக்கிற காசுதான். ஒரு நாள் நான் லோரி எடுக்கலன்னா மாசம் முழுக்க லீவு போடாம வந்ததுக்குக் குடுக்குற படியே போயிரும். எண்ணெய், டோல் யாரு குடுப்பா? பெட்டியில இருந்தப்பவே பாத்து ஒன்னுமில்லன்னுட்டாங்களே.”

“ஒன்னுமில்லன்னு சொல்லல. இன்னும் வளரலன்னு சொன்னாங்க.”

“ரெண்டும் ஒன்னுதான் லா, படிச்சவளே.”

நான் வேலை பார்க்கும் ரவாங்கில், ஆபீஸ் நாற்காலியில் என்னால் உட்கார முடியவில்லை. அண்ணன் ஒரு வீடியோ அனுப்பினான். குழந்தை விளக்கைப் பார்த்துத் தலையைத் திருப்புகிறான். கீழே, ‘நல்லாத்தான் பாக்குறான்.’ நான் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். விளக்கைப் பார்ப்பது சாட்சியே இல்லை என்று தெரிந்தும் பார்த்தேன்.

குறித்த நாளில் லீவு போட்டுவிட்டு, என் காடியை ஓட்டிவந்து வீட்டு வாசலில் நிறுத்தினேன். அண்ணன் வேலைக்குப் போய்விட்டிருந்தான். அண்ணி குழந்தையைச் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். அம்மா வாசலை மறித்தார்.

“அத்தே, ஆறு வாரம் தெனம் அங்க போய் பால் குடுத்துட்டு வந்தேன். அப்ப எந்தத் தீட்டு என்னத் தடுத்துச்சு?”

அம்மா உள்ளே போய் ஓர் இரும்புத் துண்டையும் வேப்பிலையையும் துணியில் முடிந்து கொண்டுவந்து, குழந்தையின் பையில் திணித்துவிட்டு விலகினார்.

ஆஸ்பத்திரியில் கண்ணில் மருந்து விட்டுக் காக்க வைத்தார்கள். பிறகு அவனை மட்டும் உள்ளே எடுத்துப்போனார்கள். இமையைக் கம்பியால் விரித்துப் பிடிப்பார்கள் என்று நான் படித்திருந்தேன். அதை அண்ணியிடம் சொல்லவில்லை. அழுகை கதவைத் தாண்டி வந்தது. நான் நடந்துகொண்டே இருந்தேன்.

“உக்காரு லா தங்கச்சி, தரை தேஞ்சிரும்” என்றார் வார்டு நர்ஸ் மிஸ்ஸி.

டாக்டர் வந்து, கோணல் ஆரம்பித்திருக்கிறது என்றார். இப்போதைக்கு லேசர் தேவையில்லை, ஆனால் எப்போது வேண்டுமானாலும் தேவைப்படலாம். இனி வாரா வாரம் பார்க்க வேண்டும்.

அண்ணனுக்கு அழைத்துச் சொன்னேன்.

“வாரா வாரமா?”

லோரி ஓரங்கட்டும் இரைச்சல் கேட்டது. பிறகு அது நின்றது.

“அடுத்த வாரம் நானே கூட்டிட்டுப் போறேன். உன் லீவெல்லாம் தீத்துடாத. அம்மாகிட்ட மட்டும் நீயே சொல்லிரு, எனக்குப் பயம்.”

திரும்பும் வழியில் கண்ணாடியில் பின் இருக்கையைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். வீங்கிய இமைகளோடு அவன் தூங்கினான். கண்ணைத் திறக்கட்டும் என்று மனம் அடித்துக்கொண்டது. திறந்தாலும் அதில் என்னால் ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது.