மார்லா வீட்டு மாடிப்படி

மாடிப்படிக்கு அடியில் இருக்கும் கோட்டு அறைக்குள் நுழையுமுன் மார்லா கதவுப் பிடியில் ஒரு சிவப்புத் துணியை மாட்டுகிறாள். பாத்திரம் துடைக்கிற துணிதான். அது தொங்கும்வரை அந்த வீட்டில் யாரும் தும்மக்கூடாது. உள்ளே, குளிர்காலக் கோட்டுகளுக்கு நடுவே ஒரு முக்காலி, ஒரு கணினி, காதில் ஹெட்போன். வெந்நீர் ஹீட்டர் கம்பெனிக்கு வரும் புகார் அழைப்புகளை வீட்டிலிருந்தே எடுத்துப் பேசுவது அவள் வேலை. கோட்டுகள் சத்தத்தை விழுங்கிவிடும் என்பது அவளுடைய கண்டுபிடிப்பு. "வணக்கம், மார்லா பேசறேன். வெந்நீர் வரலைங்களா?" என்று அவள் தேனாகக் கேட்கும்போது, பேசுவது நகரத்தில் ஏதோ பெரிய அலுவலகத்திலிருந்து என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். அவள் இருப்பது அமெரிக்காவின் மிசௌரியில், எங்கள் தெருக் கடைசியில்.

வெளியே சமையலறை மேசையில் அவள் பிள்ளைகள் மூன்று பேருக்கும் பள்ளிக்கூடம் நடக்கும். பன்னிரண்டு வயது கெசியா, தம்பி எஸ்ராவுக்குப் பின்னக் கணக்கைச் சைகையிலேயே சொல்லிக்கொடுப்பாள். ஐந்து வயது போவாஸ் பென்சிலைக் கடித்துக்கொண்டிருப்பான். முரண்டு பிடித்தாலோ குரலை உயர்த்தினாலோ மாடிப்படியின் கடைசிப் படியில் உட்கார வேண்டும். ஏதோ விளையாட்டுப் பெட்டியிலிருந்து எடுத்த மணல் கடிகாரத்தை மார்லா மடியில் வைத்துவிடுவாள். மணல் தீர்ந்தால் விடுதலை. அலாரம் வைக்கலாம்தான், அது அடித்துத் தொலைக்குமே.

நான் ஊர்ப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். மார்லாவுக்கும் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன், அது ஏறவில்லை. ஆகவே அவள் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே கணக்குச் சொல்லித் தரப்போவதாகக் கேள்விப்பட்டபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. முட்டை வாங்குகிற சாக்கில் அடிக்கடி போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

கம்பெனிக்காரர்கள் எல்லா அழைப்புகளையும் பதிவு செய்கிறார்கள். வீட்டுச் சத்தம் கேட்டதாக அவளுக்கு ஏற்கெனவே இரண்டு எச்சரிக்கை வந்தாயிற்று. முதல் தடவை போவாஸ் பாடினான். இரண்டாம் தடவை சேவல். போவாஸைப் படியில் உட்கார வைத்தாள். சேவல் உட்கார மறுத்ததால் ஞாயிற்றுக்கிழமை சூப் ஆனது. அதற்கு முன் பிள்ளைகள் அதன் இதயத்தையும் இரைப்பையையும் பார்த்துப் படம் வரைந்தார்கள். அன்றைக்கு உயிரியல் பாடம்.

இன்னொரு தப்பு நடந்தால் வேலை போய்விடும். கணவன் வெண்டலுக்கு மர மில்லில் வாரத்தில் பாதி நாள்தான் வேலை. இதுவும் போனால் மார்லா கோழி வெட்டும் தொழிற்சாலையில் பகல் ஷிப்டுக்குப் போக வேண்டும், பிள்ளைகள் மஞ்சள் பஸ்ஸில் பள்ளிக்கூடம் போக வேண்டும். "அந்த பஸ்ஸுல ஏத்தி விடறதுக்கா சார் இவ்வளவு பாடுபடறேன்?" என்பாள். அந்த பஸ் என் பள்ளிக்கூடத்துக்குத்தான் போகும் என்பதை நான் நினைவூட்டுவதில்லை.

சென்ற ஜனவரியில் ஒரு நாள் காலை. பின்னம் வராது என்று அழுது அடம்பிடித்த எஸ்ராவை இரண்டு தரம் படியில் உட்கார வைத்து, மறுபடி மேசைக்கு அனுப்பிவிட்ட கையோடு மார்லா உள்ளே போயிருந்தாள். நான் சமையலறையில் முட்டைக்காக நின்றிருந்தேன். போனில் யாரோ ஒரு பெரியவர். வெந்நீர் நின்று மூன்று நாளாம். அவர் போட்ட கூச்சல் ஹெட்போனையும் கோட்டுகளையும் தாண்டி எங்களுக்கே கேட்டது.

அப்போது மார்லாவின் குரல் வந்தது, தேன் இல்லாமல்.

"இந்தக் குரல்ல எங்கிட்ட பேசக்கூடாது. எழுந்து போய்ப் படியில உக்காரு. குரல் சரியானதும் வந்து சொல்லு."

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூன்று பேரும் மேசையில்தான் இருந்தார்கள். கோட்டு அறைக்குள் ஒரு ஹாங்கர் விழுந்தது. என்ன சொல்லித் தொலைத்தோம் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

பெரியவரோ, "எங்க வீட்டுல படி இல்லியேம்மா" என்றாராம்.

"அப்போ... நாற்காலி."

போய் உட்கார்ந்திருக்கிறார். திரும்பி வந்து, "உக்காந்துட்டேன். இப்போ என்ன செய்யணும்?" என்று கேட்டிருக்கிறார். ஹீட்டருக்குள் அணைந்துபோன கேஸ் சுடரை எப்படி ஏற்றுவது என்று மார்லா சொல்லித் தந்தாள்.

சற்று நேரத்தில் சூப்பர்வைசர் ஐவோனின் அழைப்பு வந்தது. கதவு வழியாக ஒன்றும் கேட்கவில்லை. முட்டை கைக்கு வந்துவிட்டது, எனக்கு அங்கே இனி வேலை இல்லை, ஆனாலும் நின்றேன். அந்த மஞ்சள் பஸ் இந்த வீட்டு வாசலில் நிற்கவே கூடாது என்று மனதார வேண்டிக்கொண்டேன். இதைப் பள்ளியில் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

மார்லா வெளியே வந்தாள். சிவப்புத் துணியை எடுத்து மடித்தாள்.

"வேலை போச்சாம்மா?" என்றாள் கெசியா.

"போகல. அந்தப் பெரியவர் கம்பெனிக்கே போன் பண்ணி, அந்தப் பொண்ணை ஒண்ணும் பண்ணிடாதீங்கன்னு சொல்லியிருக்கார்."

"கத்தினாரா?"

"இல்ல. மெதுவாத்தான் சொன்னாராம்." துணியை மறுபடி பிரித்து மறுபடி மடித்தாள். "ஆனா நான் பேசினது தப்புன்னு ஐவோன் சொல்றா. தப்புதான்."

எஸ்ரா பென்சிலைக் கீழே வைத்தான். காலையிலிருந்து இதற்காகவே காத்திருந்தவன்போல, "அப்போ நீயும் படியில உக்காரணுமேம்மா" என்றான்.

"டேய்!" என்றாள் கெசியா.

"அவன் சொல்றது சரிதாண்டி" என்று சொல்லிவிட்டு மார்லா போய்க் கடைசிப் படியில் உட்கார்ந்தாள். போவாஸ் மணல் கடிகாரத்தை இரண்டு கைகளாலும் தூக்கிக்கொண்டு வந்து, திருப்பி, அவள் மடியில் வைத்தான். அவள் கைப்பிடிக் கம்பியில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினாள். வீட்டில் சத்தமே இல்லை.

மணல் தீர்ந்தது. போவாஸ் விடுதலை கொடுக்க வாயைத் திறந்தான். மார்லா கண்ணைத் திறக்காமலே கடிகாரத்தை எடுத்து, மறுபடி திருப்பி மடியில் வைத்துக்கொண்டாள்.