குழாய் கழற்றிய பிறகு

ஆஸ்பத்திரி வாசற் படலையைத் தாண்டி நெளுக்குளம் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். காலையில் இருந்த வேலை மத்தியானம் இல்லை. அது எனக்குப் புதிதல்ல. மர ஆலை, மணல் டிப்பர், வெங்காயத் தோட்டம் என்று எதிலும் நான் நிலைத்ததில்லை. கடைசியாகப் பிடித்தது நோயாளிக்குத் துணை நிற்கிற வேலை. வீட்டாருக்கு நேரமில்லாவிட்டால் நாட்கூலிக்குக் கட்டிலடியில் நிற்பேன்.

ஆனால் அன்று நடக்கவே பயமாக இருந்தது. நான் விட்டுவந்த ஐயாவுக்குக் காலையிலிருந்து சலம், அதுதான் சிறுநீர், போகவில்லை.

தர்மபுரத்து ஐயா வயலில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர். ஒப்பரேஷன் முடிந்து சலக்குழாயோடு கிடந்தார். குழாய் இருந்தால் எங்களுக்குச் சுகம். சலம் நிறைகிற பையை வெறுமையாக்கினால் போதும். அந்த வாட்டில் மட்டும் ஒரு புதுப் பழக்கம். மிஸி என்று நாங்கள் கூப்பிடும் தாதி, காலையில் ஒவ்வொரு குழாயையும் காட்டி டொக்டரிடம் கேட்பார்.

"இது இண்டைக்கும் தேவையோ?"

"ஐயா நடக்கத் தொடங்கிட்டார். இனி என்னத்துக்கு? கிடக்கக் கிடக்கக் கிருமிதான் ஏறும்," என்றார் டொக்டர். மிஸி கழற்றிவிட்டார்.

எனக்கு அது சரியாகவே பட்டது. வேறோர் ஆஸ்பத்திரியில் நான் துணை நின்ற ஒருவருக்கு, எடுக்க மறந்த குழாயால் காய்ச்சல் வந்தது. கட்டில் ஆடும்படி நடுங்கினார். அவர் வீடு திரும்பவில்லை.

மத்தியானம் ஐயாவின் மகன் வந்தார். படுத்தபடி பெய்யக் கொடுத்த சலப் போத்தல் வெறுமையாகக் கிடந்தது.

"வயிறு ஊதினா ஆர் பொறுப்பு? மிஸியிட்டச் சொல்லிக் குழாயைத் திருப்பிப் போடுவியும்."

"பின்னேரம் வரைக்கும் பாப்பம் எண்டு மிஸி சொன்னவா. வயித்தையும் அடிக்கடி பாக்கிறா."

"நீர் துணைக்கு நிக்க வந்தனீரோ, டொக்டருக்குப் படிச்சிட்டு வந்தனீரோ?"

ஐயா கட்டிலிலிருந்து கத்தினார். "சும்மா இரடா! எல்லாரும் போத்தலையே பாத்துக்கொண்டு நிண்டா எப்பிடியடா வரும்?"

மகன் என்னைப் பார்த்தார். "நீர் போம். நான் பாக்கிறன்."

வெயிலில் நடந்தேன். போனை எடுத்து எடுத்துப் பார்த்தேன். ஐயாவுக்கு ஏதாவது ஆனால் இந்த ஆஸ்பத்திரியில் எனக்கு இனி ஒருவரும் வேலை தரமாட்டார்கள். அதைவிட, வயிறு வீங்கி அவர் முனகுவது போல ஒரு காட்சி கண்ணை விட்டுப் போகவில்லை.

நெளுக்குளத்தை நெருங்கியபோது போன் அடித்தது. மகன்தான்.

"அண்ணை, எங்க நிக்கிறியள்?"

"ஐயாவுக்கு என்ன?"

"மிஸி என்னையே ஐயாவைப் பிடிச்சு எழுப்பி நிப்பாட்டச் சொன்னவா. வோக்கரோட கக்கூசுக்குக் கொண்டுபோனனான். வரம்பில நிண்டு பழகினவனைப் படுக்க வைச்சுப் பெய்யச் சொல்லினம் எண்டு ஐயா வழியெல்லாம் பேச்சு. நல்லாப் போனது அண்ணை. எனக்குத்தான் ஐயாவை விழுத்திப்போடுவனோ எண்டு பயம். நாளைக்கு வருவியளோ?"

"வாறன். இனிக் குழாய்க் கதை எடுக்கக் கூடாது."

"எடுக்கமாட்டன்."

இந்த வேலைக்கு வர நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். குழாய் கிடக்கும்வரை நாங்கள் சும்மா நிற்கிறோம். அது கழன்ற பிறகுதான் எங்களுக்கு வேலை.

மறுநாள் காலை அதே கட்டிலடியில் மறுபடி வேலைக்குச் சேர்ந்தேன். என் பையைக் கீழே வைக்குமுன் ஐயா கையை நீட்டினார்.

"வந்திட்டியே? பிடி, பிடி. அவசரம்!"