கேபினெட்டோடு வந்த எஸ்.எம்.பி.எஸ்.

கள்ளக்குறிச்சியில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் இருபது வருஷமாக அசெம்பிளி டேபிளில் வேலை பார்க்கிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான்: "கம்மி பட்ஜெட்ல கேமிங் பிசி போடணும்னா எந்த பார்ட்டை முதல்ல பாக்கணும்?" ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். அந்த வரியை நான் கற்றுக்கொண்டது ஒரு தப்பு செய்த பிறகுதான். அதனால் தப்பையும் சேர்த்தே சொல்கிறேன்.

1. கியர்

ஏழுமலை அண்ணன் வெள்ளிமலையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தார். கூடவே அவர் மனைவி அஞ்சலை. மலையில் ஜீப் ஓட்டியவர், ஐம்பதைத் தாண்டிய வயசு. சர்க்கரையால் வலது கண்ணில் பார்வை போனதும் லைசென்ஸைப் புதுப்பிக்க முடியவில்லை. ஜீப்பை விற்றுவிட்டார். அதில் ஐம்பதாயிரத்தை எடுத்துக்கொண்டு, லாரி ஓட்டும் கேம் ஆட ஒரு கம்ப்யூட்டர் வேண்டும் என்று வந்து நின்றார்.

"சேலத்துல மச்சான் வூட்ல ஆடிப் பாத்தேன் மேடம். ரோடு நெசமாவே இருக்குது. வூட்ல சும்மா குந்திக்கினு இருக்க முடியல" என்றார்.

அஞ்சலை என் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னார். "இந்த வயசுல கேம் ஆடப் போறாராம். ஊர்ல கேட்டா சிரிப்பாங்க. ஆனா ஜீப்ப குடுத்ததுலேர்ந்து மனுஷன் வாய தொறக்கறதே இல்ல. அதான் கூட வந்தேன்."

லிஸ்ட் போட்டேன். பிராசசர், மதர்போர்டு, எட்டு ஜிபியில் இரண்டு ரேம், எஸ்.எஸ்.டி., கிராபிக்ஸ் கார்டு, நல்ல எஸ்.எம்.பி.எஸ்., சின்ன மானிட்டர். கலர் லைட் எரியும் கேபினெட்டை, அதாவது வெளிப்பெட்டியை, அஞ்சலையே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எல்லாம் கணக்குக்குள் நின்றது, ஸ்டீரிங் செட்டைத் தவிர. அதில் இரண்டு வகை. ஒன்றில் ஸ்டீரிங்கும் இரண்டு பெடலும்தான். இன்னொன்றில் கிளட்ச், கியர் எல்லாம் உண்டு, விலையும் ஜாஸ்தி. டெமோவுக்கு வைத்திருந்த கியர் ராடின் மேல் அண்ணன் கையை வைத்தார். பார்க்காமலே ஒன்று, இரண்டு, மூன்று என்று போட்டுக்கொண்டு போனார். மூன்றாவதிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது, ஏற்றத்தில் வண்டி திணறுவது மாதிரி அவர் தோள் லேசாக முன்னால் வந்தது.

"கியர் இல்லாம நான் இன்னாத்த ஓட்றது?"

பட்ஜெட் தாண்டிவிட்டது. எதையாவது குறைக்க வேண்டும். முதலாளி கல்லாவிலிருந்தே சொன்னார்: "நல்ல எஸ்.எம்.பி.எஸ்.ஸை எடுத்துடு ஸ்டெல்லா. கேபினெட்டோட வர்றதே போதும்."

எஸ்.எம்.பி.எஸ். என்பது சுவர் பிளக்கில் வரும் கரண்டை கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் பெட்டி. மலிவான கேபினெட்டோடு இனாமாக ஒன்று வரும். மேலே பெரிய வாட்ஸ் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். கையில் தூக்கினாலே உள்ளே சரக்கு இல்லை என்று தெரியும். பில் போடுகிற கம்ப்யூட்டருக்கு அது ஓடும். கிராபிக்ஸ் கார்டு போட்ட மெஷினுக்கு, அதுவும் கரண்ட் ஏறி இறங்கும் மலைக்கு, அது ஆகாது. எனக்கு நன்றாகத் தெரியும். அண்ணனின் கை இன்னும் அந்த கியரின் மேலேயே இருந்தது. சரி என்று தலையாட்டிவிட்டேன். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

2. போன்

மாட்டி முடித்து இரண்டு மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தேன். நன்றாகத்தான் ஓடியது. பெட்டிகளோடு அவர்கள் பஸ் ஸ்டாண்டுக்குப் போன மறுநாளே மலைப்பக்கம் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. போன் போட்டேன்.

"சூப்பரா ஓடுதும்மா" என்றார்.

இரண்டு நாள் விட்டு மறுபடியும் போட்டேன். "ஓடிக்கினுதான் இருக்குது. இன்னா மேடம், எதுனா பிரச்சினையா?" இப்போதாவது சொல்லியிருக்கலாம். "சும்மாதாண்ணா" என்று வைத்துவிட்டேன்.

அதற்கடுத்த வாரம் போட்டபோது மணி அடித்தது, அவர் எடுக்கவில்லை. அப்புறம் ஸ்விட்ச் ஆப். மலையில் சிக்னல் இருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வேலையில் மனசு நிற்கவில்லை. ஒரு ஸ்கூல் கொட்டேஷனில் மானிட்டரையே விட்டுவிட்டேன். ஒரு வாடிக்கையாளர் பேசிக்கொண்டிருக்கும்போதே வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்தேன். முதலாளி, "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். இல்லை என்றேன். ஞாயிற்றுக்கிழமை மாதா கோவில் பூசை முடிந்ததும் வீட்டுக்குப் போகவில்லை. சனிக்கிழமையே என் கணக்கில் எடுத்து வைத்திருந்த நல்ல எஸ்.எம்.பி.எஸ்., ஸ்குரூ டிரைவர், டெஸ்டர் மூன்றையும் பையில் போட்டுக்கொண்டு வெள்ளிமலை பஸ்ஸில் ஏறினேன். ஒவ்வொரு வளைவிலும் அந்தப் பை மடியிலிருந்து நழுவியது.

3. வெள்ளிமலை

அஞ்சலை வாசலில் சாமை காயப்போட்டுக்கொண்டிருந்தார். "கம்ப்யூட்டர் எப்படி ஓடுது?" என்று கேட்டேன்.

"மூணு நாளா கரண்ட் சரியில்லையாம். அதான் போடலன்னு சொல்லிக்கினு இருக்கறாரு."

உள்ளே பேன் சுற்றிக்கொண்டிருந்தது.

அண்ணன் கறுத்துக் கிடந்த மானிட்டருக்கு முன்னால், இரண்டு கையையும் ஸ்டீரிங்கில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் சட்டென்று எழுந்தார். குரலைத் தாழ்த்திப் பேசினார். "நாந்தான் எதையோ தப்பா பண்ணிட்டேன் மேடம். கிளட்ச்ச வேகமா மிதிச்சேன், பட்டுனு அணைஞ்சிடுச்சி. நீங்க போன் பண்ணப்போ எடுக்க வெக்கமா இருந்துச்சி. அவகிட்ட சொல்லிடாதீங்க. ஜீப்பும் போச்சி, இதையும் ஒடைச்சிட்டேன்னா இன்னா நெனைப்பா."

கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றினேன். கருகல் வாடை. புது எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாட்டி ஆன் செய்தேன். கேபினெட்டுக்குள் இருந்த பேன் ஒரு துடி துடித்து நின்றது. மதர்போர்டும் போய்விட்டது. இரண்டு முறை கேபிளை எல்லாம் எடுத்து மாட்டிப் பார்த்தேன். அதே துடி, அதோடு சரி.

அஞ்சலையை உள்ளே கூப்பிட்டேன். இரண்டு பேரையும் நிற்கவைத்துச் சொன்னேன். "அண்ணன் எதையும் ஒடைக்கல. நான் மாட்டின பொருள் மட்டமானது. அதுதான் போர்டையும் எரிச்சிடுச்சி."

"தெரியாம குடுத்துட்டீங்களா?" என்று அஞ்சலை கேட்டார்.

"தெரிஞ்சிதான் குடுத்தேன்."

"மூணு நாளா என் மனுஷன் திருடனாட்டம் வூட்டுக்குள்ள உக்காந்துகினு இருந்தாரு" என்றார். வாசலுக்குப் போய் சாமையைக் கிளறத் தொடங்கினார்.

அண்ணனுக்குக் கோபம் வரவில்லை. புரியாத மாதிரி கேட்டார். "அன்னைக்கே சொல்லி இருந்தா அந்த கிராபிக்ஸ் கார்டு பின்னால வாங்கிக்கலாம்னு சொல்லியிருப்பேனே மேடம். டயர் தேஞ்ச வண்டிக்கு நான் ஹாரன் வாங்குவேனா?"

வழி இருந்தது. உள்ளேயே கிராபிக்ஸ் இருக்கிற பிராசசரைப் போட்டு, படத்தின் தரத்தைக் கொஞ்சம் இறக்கி வைத்தால் அந்த கேம் ஓடும். கார்டை ஆறு மாசம் கழித்து வாங்கிக்கொள்ளலாம். அதை நான் அவரிடம் கேட்கவே இல்லை. ஜீப் டிரைவருக்கு இதெல்லாம் என்ன புரியும் என்று எனக்குள் நானே முடிவு செய்திருந்தேன்.

4. போர்டு

கருகின போர்டுக்கு வாரண்டி கிடையாது என்றார் முதலாளி. "பில்லுல இருக்கிறது என் கையெழுத்து சார்" என்றேன். அரை நாள் இரண்டு பேரும் முகம் பார்த்துப் பேசவில்லை. கடைசியில் போர்டு செலவு கடையோடது, எஸ்.எம்.பி.எஸ். செலவு என்னோடது என்று முடிந்தது. கார்டும் எஸ்.எஸ்.டி.யும் பிழைத்திருந்தன.

அடுத்த ஞாயிறு மறுபடி ஏறிப் போய் மாட்டினேன். அண்ணன் லாரியைக் கிளப்பினார். அஞ்சலை கதவோரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கேமில் ஒரு முச்சந்தியில், வலது பக்கம் வந்த காரை அண்ணன் கவனிக்கவில்லை. இடித்துவிட்டார். அஞ்சலை ஒரு ஸ்டூலை இழுத்து அவருக்கு வலது பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். "இப்ப போ. நான் சொல்றேன்."

நான் போய்வருகிறேன் என்று சொன்னதற்கு அண்ணன் தலையை மட்டும் ஆட்டினார். அஞ்சலை திரும்பிப் பார்க்கவில்லை. அது நியாயம்தான்.

5. அந்த ஒரு வரி

எஸ்.எம்.பி.எஸ்.ஸை முதலில் எடுத்து வை. மிச்சப் பணத்தில் மற்றதை யோசி. நீங்கள் கேட்ட பதில் இதுதான்.

ஆனால் இது பாதிப் பாடம். மெஷின் நின்றுபோனால் விவரம் தெரியாத வாடிக்கையாளர் நம்மைத் திட்டமாட்டார். தன்னால்தான் கெட்டது என்று நினைத்துக்கொண்டு வாயை மூடிக்கொள்வார். அதனால் இப்போதெல்லாம் எந்த லிஸ்ட் போட்டாலும், இதில் எந்த பார்ட் வீக், ஏன் வீக் என்று கீழே எழுதி, வாடிக்கையாளரையே வாய்விட்டுப் படிக்கச் சொல்கிறேன். எலவனாசூர்கோட்டையிலிருந்து வந்தவர் ஒருவர் படித்துவிட்டு, "அப்ப நீங்களே மட்டம்னு ஒத்துக்கறீங்க" என்று எழுந்து போய்விட்டார். முதலாளி என்னை முறைத்தார்.

போன வாரம் திருக்கோவிலூரிலிருந்து ஒரு டெய்லரம்மா வந்தார். லிஸ்டைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடியும் படித்தார். அப்புறம் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்டார்: "சரி, இதுல இப்போதைக்கு நான் எது இல்லாம சமாளிக்கலாம்?"

பேனாவை அவர் கையில் கொடுத்தேன்.