விமானத் தீயில் வெந்த என் கைகள்

ஈரத்துணி சுற்றிய இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, கோயமுத்தூர் பெரியாஸ்பத்திரித் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தேன். வலது உள்ளங்கை வலிக்கவே இல்லை. அதைச் சொன்னதும் டாக்டரின் முகம் மாறியது.

"வலி தெரியலைன்னா ரொம்ப ஆழமா வெந்திருக்குன்னு அர்த்தம்மா."

தீக்காயத்தோடு படுத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எழுபதுகளின் தொடக்கம் அது. எனக்கு இருபத்தாறு வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் தையல் வேலை. அன்று ஞாயிற்றுக்கிழமை. அவிநாசிபாளையத்துக்குப் பக்கத்தில் எங்கள் காட்டில் நானும் வீட்டுக்காரரும் பருத்தி எடுத்துக்கொண்டிருந்தோம்.

இரட்டை எஞ்சின் வைத்த சின்ன விமானம் ஒன்று தலைக்கு மேலே தாழ்ந்து வந்தது. ஒரு பக்கக் காற்றாடி சுற்றவில்லை. இறக்கை பனைமரத்தில் மோதி, அடுத்த காட்டில் விழுந்தது. ஓடினோம். உள்ளே இரண்டு பேர். பின்னால் இருந்தவருக்கு உயிர் இல்லை. ஓட்டியவர் கண் திறந்து என்னைப் பார்த்தார்.

"கிட்டப் போகாத புள்ள, எண்ணெய் ஊத்துது!" என்று வீட்டுக்காரர் கத்தினார்.

நான் கதவுத் தகரத்தைப் பிடித்து இழுக்கும்போதே தீப்பிடித்துவிட்டது. கத்தியவரும் பின்னாலேயே வந்து, இடுப்புக் கத்தியால் ஓட்டியவரைக் கட்டியிருந்த வாரை அறுத்தார். இருவருமாக அந்த மனிதரை வேப்பமரத்தடிக்கு இழுத்து வந்தோம். தண்ணீர் கேட்டார். தலையை என் மடியில் தாங்கிக்கொண்டேன். வீட்டுக்காரர் தூக்குப்போசியிலிருந்து ஊற்றினார். இரண்டு மடக்கு குடித்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக லாரி வருவதற்குள் போய்விட்டார்.

"எப்படியும் சாகப்போறவனுக்குப் போயி ரெண்டு கையையும் கெடுத்துக்கிட்டயே!" பார்க்க வந்த எல்லாரும் சொன்னார்கள். பெற்ற அம்மாவும் சொன்னாள்.

இடது கை தானாக ஆறியது. வலது கைக்குத் தோல் ஒட்டு (தொடைத் தோலை மெல்லிசாகச் சீவிப் புண்மேல் பதிப்பது) செய்தார்கள். தொடைக் காயம்தான் அதிகம் எரிந்தது. இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, நான் சொல்லிவைக்கிறேன். பிறகு தோல் சுருக்கம் (ஆறும் தோல் இறுகி விரல்களை உள்ளே இழுப்பது) வந்தது.

"தையலுக்கு இந்தக் கை இனி ஆகாதும்மா" என்றார் டாக்டர்.

"அதை நான் பாத்துக்கறனுங்க. விரலை நீட்டறதுக்கு வழி மட்டும் சொல்லிக்குடுங்க."

அவர் கோபப்படவில்லை. மரப்பலகையில் கையை விரித்துக் கட்டச் சொன்னார். ஒவ்வொரு விரலாக நீட்டக் காட்டிக்கொடுத்தார். நீட்டும்போது வாய்விட்டு அழுதேன். அழுதுகொண்டே நீட்டினேன்.

ஒரு மத்தியானம் என் வயதுப் பெண் ஒருத்தி கட்டிலருகே வந்து நின்றாள். விமானம் ஓட்டியவரின் மனைவி.

"ரொம்ப வேதனைப்பட்டாரா?" என்று கேட்டாள்.

"வலி இருந்துச்சுங்க, பொய் சொல்ல மாட்டேன். ஆனா தீயில போகலீங்க. நெழல்ல, எம்மடியில, தண்ணி குடிச்சுட்டுத்தான் போனாருங்க."

கையில் தொட இடமில்லாததால் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அதற்குப் பிறகு, வீணாகப் போனாய் என்று யார் சொன்னாலும் நான் சும்மா இருந்ததில்லை. மறுபடி விழுந்தாலும் போவேன் என்று முகத்துக்கு நேரே சொன்னேன்.

எட்டு மாதம் கழித்துக் கம்பெனிக்குப் போனேன். சூப்பர்வைசர் என் கையைப் பார்த்துத் தயங்கினார். "பீஸ் வீணாப் போயிருமேம்மா."

"ஒரு நாள் உக்கார வெச்சுப் பாருங்க. வீணாப் போச்சுன்னா நானே எந்திரிச்சுப் போயர்றனுங்க."

அன்று பாதிக்கு மேல் கோணலாகத்தான் வந்தது. ஆனால் நான் எழுந்திருக்கவில்லை. பிரித்துப் பிரித்துத் திரும்பத் தைத்தேன். மறுநாளும் வந்து உட்கார்ந்தேன். அவர் அடுத்த கட்டுப் பீஸை என் முன்னால் வைத்தார்.

இப்போதும் காலையில் விரல்கள் உடனே திறப்பதில்லை. வெந்நீரில் வைத்து ஒவ்வொன்றாக நீட்ட வேண்டும். ஊருக்கு விடிந்த பிறகு கொஞ்சம் தாமதமாகத்தான் எனக்கு நாள் தொடங்குகிறது. அந்தத் தாமதத்துக்குப் பழகிவிட்டேன். உள்ளங்கையில் இருப்பது தொடைத் தோல். அது வியர்க்காது. சூடு தெரியாது. ரேகையும் கிடையாது.

போன வருடம் தேர்த் திருவிழாக் கடைகளுக்கு நடுவே ஒரு கைரேகைக்காரர் கூப்பிட்டார். பெண்களுக்கு இடது கைதான் பார்ப்பார்களாம். நான் வலது கையை நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல ஒண்ணுமே எழுதலையேம்மா!"

"எழுதாமயே இருக்கட்டுமுங்க" என்று சொல்லிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டேன்.