ஐந்தாவது பெல்ட்

கீழே விழுந்த என் பேனாவை எடுக்க வங்கிக் காவலாளி குனிந்தார். அவர் இடுப்பிலிருந்த தோட்டா பெல்ட்டிலிருந்து பித்தளை பாலிஷ் வாசனை வந்தது.

நான் சிறுமியாக இருந்தபோது, பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்ற அப்பாவும் வங்கிக் காவலாளிதான். சைனிக்புரி வீட்டில் அவரும் நானும் மட்டும். அவருடைய தோட்டா பெல்ட்டின் பைகள் தளர்ந்து தோட்டா நிற்காமல் போனதால், மாற்றுக்கு ஒன்று வாங்க செகந்திராபாத் கடைக்கு என்னையும் கூட்டிப்போனார். கடைக்காரர் தோல் பெல்ட்டை நீட்டினார். அப்பா விலையைக் கேட்டுவிட்டு, "நக்கோ பாய்" என்று வேண்டாமெனக் கையசைத்து, மலிவான கான்வாஸ் பெல்ட்டுகள் பக்கம் போனார். எடைக்காக மணல் அடைத்துக் கொண்டுவந்திருந்த காலித் தோட்டாக்களை ஒவ்வொன்றிலும் செருகி, தலைகீழாகப் பிடித்து உதறினார்.

"பாப்பா, கையக் கீழ வை. விழுந்தா புடிச்சுக்கோ."

நான்கு பெல்ட்டுகளிலிருந்து என் கையில் தோட்டா விழுந்தது. ஐந்தாவதிலிருந்து எதுவும் விழவில்லை. "இதான்" என்றார் அப்பா. விளையாட்டு முடிந்துவிட்டதே என்று எனக்கு அழுகை வந்தது.

வங்கிக் காவலாளி பேனாவோடு நிமிர்ந்தார். என் இரண்டு கைகளும் அவர் பெல்ட்டுக்குக் கீழே ஏந்தியபடி இருந்தன.

"க்யா ஹோனா அம்மா?" என்ன வேண்டும் என்று கேட்டார்.

"விழுந்தா புடிக்கலாம்னு..." என்றேன், தமிழில். அப்பா போன பிறகு வீட்டில்கூட நான் தமிழ் பேசியதில்லை.

அவருக்குப் புரியவில்லை. ஏந்திய கையில் பேனாவை வைத்துவிட்டு, வாசல் ஸ்டூலுக்குத் திரும்பிப் போனார்.