உப்பு கலந்த ஐஸ்

என் கூடப்பிறந்த ராத்தா நிஸ்மியாவின் கணவர் ஸியாத் மச்சான் மீன் விற்பவர். மாம்புரிக் கரையில் காலையில் ஏலம் போகும் மீனை வாங்கி, மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிய, குளிர் தாங்கும் ரெஜிபோம் பெட்டியில் அடுக்கி, மதுரங்குளி தாண்டி உள்ளே இருக்கும் சிங்களக் கிராமங்கள் வரைக்கும் கொண்டுபோவார். தொண்ணூறில் மற்ற முஸ்லிம்களோடு மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வந்த குடும்பம் அவருடையது. புத்தளத்தில் ஓர் ஓலைக் கொட்டிலில் பிறந்தவர். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர்.

வீட்டில் எது உடைந்தாலும், எது கிடைக்காமல் போனாலும் அவர் சொல்வது ஒன்றுதான்: "ஒரு வழி பாப்பம்." நான் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானபோது அங்கே போக எந்த பஸ்ஸில் ஏறுவது என்றுகூட எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அவர்தான் ஒரு மரக்கறி லொறிக்காரரைப் பிடித்து, என்னையும் என் பெட்டியையும் ஏற்றி, கூடவே வந்து விடுதி வாசலில் இறக்கிவிட்டார். திரும்பி வரும்போது அந்த ஊர்ச் சந்தையில் தன் கருவாட்டை விற்க ஓர் ஆளையும் பிடித்து வைத்துவிட்டு வந்தாராம்.

அப்படிப்பட்டவருக்கு வழி தெரியாமல் போன நாட்களைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

ராத்தாவுக்கு நாள் வருமுன்பே நீர்க்குடம் உடைந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் சீசர் செய்தார்கள். ஆண் பிள்ளை. உள்ளங்கையில் வைத்துத் தூக்கலாம் போல இருந்தான். மூச்சு மட்டும் நிலைக்கவில்லை. நெஞ்சு உள்ளே இழுத்து இழுத்துப் போனது. தெற்கே இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்று தனியாக ஒரு பகுதி இருக்கிறது, அங்கே அனுப்பத்தான் வேண்டும் என்றார் டொக்டர். ராத்தாவுக்கு இரத்தம் அதிகம் போயிருந்ததால் அவளைக் கட்டிலை விட்டு எழும்பவே விடவில்லை. பிள்ளை ஒரு ஆஸ்பத்திரி, தாய் ஒரு ஆஸ்பத்திரி என்றாகிவிட்டது.

அம்புலன்ஸ் கதவு திறந்திருக்க, கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த மகனின் வலது காதுக்கு நேரே குனிந்து மச்சான், பிறந்த பிள்ளைக்குச் சொல்லும் பாங்கைச் சொன்னார். கண்ணாடிக்கு வெளியே நின்று சொன்னது உள்ளே கேட்டிருக்குமா என்று பிறகு பலமுறை கேட்டார். கூடப் போன நர்ஸ் மிஸ், சிங்களப் பெண், அவர் சொல்லி முடிக்கும்வரை கதவைச் சாத்தாமல் நின்றா.

ராத்தா பிள்ளையை முழுதாகப் பார்க்கவில்லை. துணிக்கு வெளியே தெரிந்த ஒரு காலை மட்டும் பார்த்ததாகச் சொன்னாள். அவள் அறிந்த பிள்ளை அந்தக் கால்தான்.

மறுநாள் வார்ட் மிஸ் வந்து, பால் சுரக்கத் தொடங்கினால் வீணாக்க வேண்டாம், கையால் பிழிந்து கொதிதண்ணீரில் அவித்த போத்தலில் எடுத்து ஐஸில் வைத்து அனுப்புங்கள், இந்த முதல் பால்தான் அவனுக்கு மருந்து என்றா. அதைக் கேட்டதும் ராத்தாவின் முகம் மாறியது. அதுவரை எல்லாரும் அவளை ஓய்வெடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இப்போது மகனுக்குச் செய்ய அவளுக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது.

திரையை இழுத்துவிட்டு நான் ஒரு கோப்பையை அடியில் பிடித்தேன். தையல் போட்ட வயிற்றை ஒரு கையால் அமர்த்திக்கொண்டு மற்றக் கையால் அவள் பிழிந்தாள். மஞ்சளாக, தேன் பதத்தில், சொட்டுச் சொட்டாக வந்தது. நடுவில் வலி தாங்காமல் நிறுத்துவாள், பிறகு தொடங்குவாள். அதை ஊற்றி வைத்த சின்னக் கண்ணாடிப் போத்தல் ஒன்று நிறைவதற்குள் காலை போய்ப் பகலாகிவிட்டது. பட்டம் வாங்கியவள் என்று வீட்டில் எல்லாரும் என்னிடம்தான் கேட்டார்கள், பிள்ளைக்கு எப்படி, என்ன நடக்கும் என்று. நான் படித்தது புவியியல். கோப்பையைச் சரியாமல் பிடிப்பதைத் தவிர எனக்கு வேறொன்றும் தெரியவில்லை.

ஐஸில் வைத்துக் கொண்டுபோக வேண்டும் என்றதும் மச்சான் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அது என்ட வேலதானே" என்றார். மீன் பெட்டியைத் தொடவில்லை. புதிதாக ஒரு சின்னப் பெட்டி வாங்கி, கொதிதண்ணீர் ஊற்றிக் கழுவி, நாங்கள் அண்ணன் முறையில் கூப்பிடும் ஹாசிம் காக்காவின் ஐஸ் கடைக்குப் போனார்.

"மீனில்லாம ஐஸ் கேட்டு வந்த முதல் ஆள் நீதான்டா" என்று ஹாசிம் காக்கா சிரித்திருக்கிறார். விஷயத்தைக் கேட்டதும் சிரிப்பை நிறுத்தி, நல்ல கட்டியாகப் பார்த்து உடைத்துக் கொடுத்திருக்கிறார்.

தூரம் போகும் மீன்காரர்கள் ஐஸோடு கல்லுப்புக் கலப்பார்கள். உப்பளம் நிறைந்த எங்கள் பக்கத்தில் உப்புக்கா பஞ்சம்? உப்புச் சேர்ந்த ஐஸ் வெறும் ஐஸைவிடக் கடுமையாகக் குளிரும், தொட்ட கை விறைத்துப்போகும். வெயிலில் எவ்வளவு தூரம் ஓடினாலும் மீன் கல்லுப் போல இருக்கும். மச்சானும் அப்படித்தான் செய்தார். பால் கெட்டுவிடக் கூடாது என்று, மீனுக்குப் போடுவதைவிட இரண்டு பிடி கூடவே போட்டார்.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் அன்று மாலை மச்சான் திரும்பி வந்ததும் ராத்தா தலையைத் தூக்கி, "குடிச்சானா?" என்று கேட்டாள்.

"ஓம், குடிச்சான்" என்றார்.

ராத்தா கண்ணை மூடிக்கொண்டு அல்ஹம்துலில்லாஹ் சொன்னாள். பிறகு என்னைப் பார்த்து, கோப்பையைக் கழுவி வா, இப்போதே அடுத்ததை எடுத்து வைப்போம் என்றாள். நான் கழுவப் போனபோது மச்சான் பின்னால் வந்து வராந்தாவில் நிறுத்தினார்.

நடந்தது இதுதான். அங்கே மிஸ் பெட்டியைத் திறந்தபோது பால் உறைந்து கட்டியாகிவிட்டிருந்தது. போத்தலின் கழுத்திலிருந்து அடிவரைக்கும் ஒரு கீறல். அதன் வழியே உப்புத் தண்ணீர் உள்ளே இறங்கியிருந்தது. மிஸ் ஏசவில்லை, ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும் என்றார். உப்பும் கண்ணாடித் தூளும் கலந்த பாலைப் பிள்ளைக்குக் கொடுக்க முடியாது என்று மெதுவாகச் சொல்லி, அதைத் தொட்டியில் கொட்டினாவாம். ஊர் ஊராகப் போய்ச் சிங்களத்தில் விலை பேசுகிற மனுசன். வெறும் போத்தலைத் தரச் சொல்லி மட்டும் கையை நீட்டியிருக்கிறார்.

"ராத்தாக்கிட்ட சொல்லவா, வேணாமா? நீ படிச்சவ, சொல்லு."

அவ்வளவு பெரிய மனுசன் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். சொல்லுங்கள் என்றால் உள்ளே இருப்பவளின் பால் நின்றுவிடுமோ என்று பயம். சொல்லாதீர்கள் என்றால் அந்தப் பொய்யில் நானும் கூட்டு. குழாயைத் திறந்து கோப்பையைக் கழுவிக்கொண்டே இருந்தேன். மச்சான் போய்விட்டார்.

அடுத்த நாள் பால் கூடுதலாக வந்தது. மகன் குடித்தான் என்ற நினைப்பே காரணமாக இருக்கலாம். மச்சான் பிளாஸ்டிக் போத்தல் வாங்கி, துவாயில் சுற்றி, வெறும் ஐஸில் வைத்துக் கொண்டுபோனார். பார்வை நேரம் முடிவதற்குள் ஓடி வந்தார். வேர்வையில் சட்டை ஒட்டியிருந்தது, முகத்தில் ஒரு வெளிச்சம்.

"நிஸ்மி, இண்டைக்கு என்ன நடந்த தெரியுமா? மிஸ் பஞ்ச உன்ட பால்ல நனச்சு அவன்ட வாய்க்குள்ள தடவினா. நாக்க நீட்டினான். நான் கண்ணாடியால பாத்த."

மூச்சு சீராகும்வரை வயிற்றுக்கு ஒன்றும் கொடுக்க மாட்டார்களாம். மீதிப் பாலைப் பெயர் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருக்கிறார்களாம். அவர் சொல்லிக்கொண்டே போனார். ராத்தா இடைமறித்தாள்.

"தடவினாவா?" என்றாள். "நேத்து குடிச்சானே."

மச்சான் சட்டைக் கையால் முகத்து வேர்வையைத் துடைத்தார்.

"நேத்து குடிச்ச புள்ளைக்கு இண்டைக்கு ஏன் பஞ்சால தடவுற?"

அவர் வாய் திறப்பதற்குள் அவள் நினைப்பு எங்கெங்கோ போய்விட்டது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழும்பப் பார்த்தாள்.

"உண்மையச் சொல்லுங்க. மகன் இரிக்கானா?"

பக்கத்துக் கட்டில் பெண் தன் பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"இரிக்கான், நிஸ்மி. அல்லாஹ்மேல ஆணையா இரிக்கான்."

"நேத்தும் இப்பிடித்தான் சொன்னீங்க."

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். ஐஸ், உப்பு, கீறல், தொட்டி, எல்லாம். கோர்வையாக வரவில்லை, இரண்டு பிடி கூடப் போட்டதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். அவள் நம்பவில்லை. உப்புக் கதை அவளைச் சமாளிக்கக் கட்டிய கதை என்றே நினைத்தாள். என் பக்கம் திரும்பினாள். நான் ஓம் என்று தலையாட்டினேன். அதுவும் போதவில்லை. ஒரு நாள் முழுக்க நானும்தானே வாய் திறக்காமல் இருந்தேன்.

மச்சான் வெளியே போனார். மோட்டார் சைக்கிள் பைக்குள் கிடந்த போத்தலைக் கொண்டுவந்து அவள் கையில் வைத்தார். கழுத்திலிருந்து அடிவரைக்கும் கீறல். தண்ணீர் காய்ந்துபோன இடமெல்லாம் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது.

ராத்தா மூடியின் ஓரத்தில் விரலை வைத்துத் தேய்த்தாள். அந்த விரலை நாக்கில் வைத்தாள்.

அதற்குப் பிறகுதான் அழுதாள். சத்தமில்லாமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. மச்சான் அவள் தோளில் கை வைப்பதா வேண்டாமா என்று தெரியாமல் கையை நீட்டி, இழுத்துக்கொண்டார். பார்வை நேரம் முடிந்ததென்று அட்டென்டன்ட் மணி அடித்துக்கொண்டு வந்தா. மச்சான் எப்போதும் போல, ஒரு வழி பாப்பம் என்று சொல்வார் என்று பார்த்தேன். சொல்லவில்லை.

ராத்தா முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கோப்பய எடு" என்றாள் என்னிடம். நான் திரையை இழுத்தேன்.

திரைக்கு வெளியே அவருடைய செருப்பு தெரிந்தது. போகவில்லை.

"நாக்க நீட்டினானா?" என்று உள்ளேயிருந்து கேட்டாள்.

"ஓம். சின்ன நாக்கு."

அவள் பிழிந்துகொண்டிருந்தாள்.

"நாளைக்கும் உப்புப் போட்டுராதீங்க" என்றாள்.